அயர்லாந்துக் கரையில் முழுகாமல் இருந்தேன்

லண்டன் தமிழர்களுக்குச் சனிக்கிழமை என்று ஒரு நாள் கிடையாது. அதை எப்போதோ மண்டபங்களுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஒரு சனி யாரோ ஒருவருடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு, அடுத்த சனி யாரோ ஒருவருடைய பேரனின் முதலாவது பிறந்தநாள். பிறந்தநாள் பிள்ளை மேசைக்குக் கீழே நித்திரையாகிக் கிடக்கும். ஒலிபெருக்கி மட்டும் விழித்திருக்கும். நான் பட்டுச்சேலையும் குதிச் சப்பாத்துமாக, ஒரு கையில் ரோல்ஸும் மறு கையில் பேப்பர்க் கோப்பையும் பிடித்தபடி ஒரு மூலையில் நிற்பேன். எந்த மூலையில் நின்றாலும் ஒரு அன்ரி என்னைக் கண்டுபிடித்து வருவார். வரும்போதே அவருடைய கண் என் முகத்தைத் தாண்டி வயிற்றில் போய் இறங்கிவிடும்.

"பிறகு பிள்ளை, புதினம் ஒண்டும் இல்லையோ?"

கல்யாணமாகிப் பல வருடமான பெண்ணிடம் கேட்கப்படுகிற புதினம் ஒன்றே ஒன்றுதான். பத்திரிகையில் வருகிற புதினங்களுக்கு அங்கே மதிப்பில்லை. "ஓம் அன்ரி, பிரதமர் மாறிட்டார்" என்று ஒருதரம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, தனக்குத் தெரிந்த ஒரு டொக்டரின் எண்ணைத் தேடத் தொடங்கினார்.

டொக்டர் எங்களுக்குப் பஞ்சமில்லை. ஊசி, மாத்திரை, ஸ்கான், காத்திருப்பு அறைகளில் கிடக்கிற பழைய சஞ்சிகைகள் என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தோம். கடைசி முறையும் சரிவராமல் போனபோது, மோர்டனில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று நானும் கணவரும் தீர்மானித்தோம், இனிக் காணும், போதும் என்று. எனக்கு அன்று கவலையைவிட ஆறுதல்தான் கூடுதலாக இருந்தது. நாள் முழுக்கப் போட்டிருந்த இறுக்கமான சப்பாத்தைக் கழற்றினால் வருமே, அந்த ஆறுதல். ஒரேயொரு சிக்கல்தான் மிச்சம். அதை அவருடைய அம்மாவுக்கு யார் சொல்வது?

மாமி எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, தன் மூத்த மகளோடு, அதாவது என் மச்சாளோடு இருக்கிறார். நாங்கள் வேதக்காரர். மாமி நேர்த்தி வைக்காத புனிதர் கிடையாது. தொலைந்த சாமான்களைத் தேடித் தருகிற புனிதரிடம்கூட எங்களுக்காக மெழுகுதிரி கொளுத்தியிருந்தார். "மாமி, எங்களுக்கு ஒண்டும் துலையேல்லை, வரவே இல்லை" என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் அதையும் அந்தப் புனிதரிடமே முறைப்பட்டார். போதாததற்கு, பக்கத்து வீட்டுச் சைவ அன்ரி வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்து பிரசாதம் கொண்டுவருவார். மாமி வாசலில் வைத்தே, ஃபாதர் காணாமல், அதை வாங்கி என் வாய்க்குள் திணித்துவிடுவார். விண்ணகத்தில் எந்தக் கதவு திறந்திருக்கும் என்று யார் கண்டது?

இத்தனை நம்பிக்கையோடு இருக்கிற ஒரு மனிசியிடம் போய், கடையைப் பூட்டிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? கணவர் நான் சொல்வேன் என்று இருந்தார். நான் அவர் சொல்வார் என்று இருந்தேன். மாமி மாதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அயர்லாந்து எங்களுக்கு அகப்பட்டது அந்த நேரத்தில்தான். ரயில்வேயில் என் கணவரோடு வேலை செய்கிற ஐரிஷ்காரர் ஒருவர், தன் ஊர்க் கடற்கரையில் போனுக்குச் சிக்னலே கிடைக்காது என்று அலுத்துக்கொண்டாராம். இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, ஞாயிறுப் பிரசங்கங்களில் பிடிபடாத மோட்சம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. சிக்னல் இல்லை, மண்டபம் இல்லை, அன்ரி இல்லை. வெள்ளி பின்னேரம் விமானம் ஏறினால் திங்கள் காலை வேலைக்கு நிற்கலாம். "இந்தச் சனி வர ஏலாது அன்ரி, நாங்கள் அயர்லாந்தில நிப்பம்" என்று சொல்வதற்காகவே நான் பயணச்சீட்டு எடுத்த நாட்களும் உண்டு.

என் கணவர் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் பிறந்தவர். வாசலில் நின்று கல்லெறிந்தால் கடலில் விழும் என்று பெருமையாகச் சொல்வார். ஆனால் நீந்தத் தெரியாது. அவர் வளர்ந்த காலத்தில் அந்தக் கடல் நேவியின் கையில் இருந்தது. காலை நனைக்கவும் பாஸ் கேட்டார்கள். அதனால் கடல் என்பது அவருக்குத் தூரத்தில் நின்று பார்க்கிற சாமான். எனக்கும் நீந்தத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைக் கடலுக்குள் விட மாட்டார்கள், நேவி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இந்தக் குறையை அவர் உடுப்பால் ஈடுகட்டினார். முதல் பயணத்துக்கு முன்பே மழை புகாத கோட், மழை புகாத காற்சட்டை, கணுக்காலுக்கு மேலே ஏறுகிற சப்பாத்து, நெற்றியில் கட்டுகிற லைற், ஆபத்தில் ஊதுகிற விசில் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன. பனிமலை ஏறப்போகிற ஆள் மாதிரி வெளிக்கிட்டு, விக்லோவில் சனங்கள் குழந்தை வண்டி உருட்டிப் போகிற பாதையில் நடந்தார். கைப்பை தூக்கிய ஒரு கிழவி எங்களை முந்திக்கொண்டு போனார். அடுத்த தடவை கோர்க் பக்கம் போய்க் கயாக் ஏறினார். அது கரையை விட்டு நகர முன்பே கவிழ்ந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் மல்லாக்காகக் கிடந்தபடி விசிலை எடுத்து ஊதினார். "எழும்பி நில்லுங்கள்" என்றாள் பழக்க வந்த பெண். எழும்பி நின்றார். விசில் நன்றாக வேலை செய்கிறது என்று என்னிடம் சொன்னார்.

ஒவ்வொரு பயணத்துக்கும் மாமி மீன் கட்லட் பொரித்துக் கட்டித் தருவார். அதோடு ஒரு போத்தல் தீர்த்தமும் தருவார், மாதா கோயிலில் மந்திரித்தது. விமான நிலையத்தில் அளவு கூடிவிட்டது என்று அதை வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். "தீர்த்தம் குடிச்சனியோ?" என்று மாமி கேட்டால் ஓம் என்பேன். லண்டன் விமான நிலையத்துக் குப்பைத்தொட்டிகளில் இந்நேரம் ஏதாவது அற்புதம் நடந்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது கிளேர் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போன கதை. எங்களுக்கு அறை தந்த வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதுக்கு மேலிருக்கும். சனி காலைச் சாப்பாட்டு மேசையில், முட்டையைக் கொண்டுவந்து வைக்க முன்னம், நாங்கள் எந்த ஊர், எந்தக் கோயில், எங்களுடைய ஆட்களில் யார் யார் செத்தது என்று எல்லாவற்றையும் கறந்துவிட்டார். துருவித் துருவி விடுப்புக் கேட்பதில் யாழ்ப்பாணத்தாரை வெல்ல ஆளில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். வேதக்காரர் என்று தெரிந்ததும் எங்களை உறவாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது.

"பிள்ளைகள்?"

"இல்லை."

"ஆ" என்றார். தேநீரை நிரப்பினார். மலைப்பாதையில் ஒரு புனிதக் கிணறு இருக்கிறதென்றும், பெண்களுக்கு நல்லதென்றும் சொன்னார். நான் மோர்டனைவிட்டு ஓடிவந்து, கடல் தாண்டி, இன்னொரு மாமியின் மேசையில் உட்கார்ந்திருந்தேன். கணவர் தன் முட்டையை மிகவும் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஆனால் அந்த அம்மா அதோடு விட்டுவிட்டார். தான் குளிக்கப் போவதாகவும், தண்ணீர் அருமையாக இருப்பதாகவும், என்னையும் வரும்படியும் சொன்னார். அந்த ஊர்ப் பெண்கள் தினமும் காலையில் படகுத்துறைக்கு இறங்கிக் கடலில் முழுகுவார்கள். மழை, காற்று, மாரி எதற்கும் நிறுத்துவதில்லையாம். எனக்கு ஒரு நீச்சலுடையும், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த நீள அங்கியும் இரவல் தந்தார். அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றபோது, புதிதாகப் பட்டம் பெற்ற ஃபாதர் மாதிரி இருந்தேன்.

படகுத்துறையில் பெண்கள் பேசிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினார்கள். ஒரு முகமாவது சுளிக்கவில்லை. நான் பெருவிரலை வைத்தேன். எடுத்தேன். தண்ணீர் அருமையாக இருக்கிறது என்று ஐரிஷ்காரர் சொல்வதும், கறியில் உறைப்புக் குறைவு என்று நாங்கள் சொல்வதும் ஒரே சங்கதிதான் என்று அப்போது விளங்கியது. முழுகி ஏறிய பெண்களுக்கு நடுவில், காய்ந்த தலையோடு, தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கணவர் ஒரு படம் எடுத்து, வீட்டார் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டார். படகுத்துறையில் மட்டும் சிக்னல் கொஞ்சம் வந்து வந்து போகும்.

உடனே மச்சாளின் கேள்வி வந்தது. "மச்சாள், நீங்கள் முழுகேல்லையோ? தலை காஞ்சு கிடக்கு?"

எழுத விரல் மடங்கவில்லை. போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பேசி அனுப்பினேன். "ஐயோ மச்சாள், சரியான குளிர். இஞ்சை எல்லாப் பொம்பிளையளும் முழுகிட்டினம். நான்தான் முழுகாமல் இருக்கிறன்."

இதில் என்ன பிழை என்று இந்தியத் தமிழர் கேட்கக்கூடும். எங்கள் ஊரில் முழுகுவது என்றால் தலைக்குத் தண்ணீர் வார்த்துக் குளிப்பது. அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் மாதாமாதம் முழுக வேண்டிய ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால், அவள் பிள்ளைத்தாய்ச்சி. அதற்கு வேறு கருத்தே கிடையாது. இது தெரிந்த எந்தப் பெண்ணும் "நான் முழுகாமல் இருக்கிறன்" என்று சும்மா வாய்விட மாட்டாள். காய்ச்சலில் கிடந்தாலும் இன்றைக்குத் தலைக்கு வார்க்கவில்லை என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வாள். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அன்று பல்லு டைப் அடித்துக்கொண்டிருந்ததால் நாக்கு அந்தச் சுற்றுப்பாதையை மறந்துவிட்டது. அதுவும் பரவாயில்லை, முழுவதையும் கேட்டால் யாருக்கும் விளங்கும். ஆனால் அந்தக் காற்று இருக்கிறதே, அது குளிரையும் தின்று, எல்லாப் பொம்பிளையளையும் தின்று, கடைசி வசனத்தை மட்டும் பத்திரமாக மோர்டனில் கொண்டுபோய் இறக்கியது.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உடுப்பு மாற்றிக்கொண்டு மலைப்பாதையில் நடக்கப் போனோம்.

அந்தப் பாதை செங்குத்தான பாறைகளின் விளிம்போடு போகிறது. கீழே கடல் அடித்து அடித்து வெள்ளையாகிக் கிடந்தது. கணவர் விளிம்புக்குப் போவதும், எட்டிப் பார்ப்பதும், ஓடி வந்து என் கையைப் பிடிப்பதுமாக இருந்தார். நான் நன்றாக நடந்தேன். அங்கெல்லாம் என் வயிற்றைப் பார்க்கச் செம்மறிகள் மட்டும்தான் இருந்தன. அவற்றுக்கும் விடுப்பு இருக்கவில்லை. இப்படியே கிழவியாகும்வரை நடக்கலாம், இந்த மனிசனோடு, ஒவ்வொரு சனியும், என்று அன்று சத்தியமாக நினைத்தேன்.

ஒரு வளைவில் வீட்டுக்கார அம்மா சொன்ன கிணறு வந்தது. கிணறு என்ன, கல் அடுக்கிய ஒரு சின்னக் குழி. பக்கத்தில் காற்றில் வளைந்துபோன ஒரு முள்மரம். கிளையெல்லாம் துணித்துண்டுகள், செபமாலைகள், நடுவில் பிறந்த பிள்ளையின் காலுறை ஒன்று. ஊரில் மடுமாதா கோயிலில் பிள்ளைவரம் கேட்டு மரத்தில் கட்டுகிற தொட்டில்கள் ஒருதரம் கண்ணுக்குள் வந்து போயின. இதற்காகவா விமானம் ஏறி வந்தேன் என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால், கணவர் அந்தக் காலுறையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கை மெல்லச் சட்டைப்பைக்குள் போகிறது. லேஞ்சி வெளியே வருகிறது.

"இஞ்சருங்கோ, அதை அங்கை கட்டினீங்களெண்டால் உங்களையும் கூடக் கட்டிப்போட்டுப் போயிடுவன்" என்றேன்.

"சீச்சீ, மூக்குச் சிந்த எடுத்தனான்" என்றார்.

உண்மையாகவே சிந்தினார். சிந்திவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். குளிரால் மட்டும் ஒருவருடைய மூக்கு அவ்வளவு நேரம் ஓடாது. நான் போய் அவருடைய மழை புகாத கோட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் அறைக்குத் திரும்பியதும் வைஃபை கிடைத்தது. என் போன் மேசையில் துள்ளத் தொடங்கியது. முதலில் மச்சாள் போட்ட வரிசையான கேள்விக்குறிகள், பிறகு வரிசையான இதயங்கள். அதன்பிறகு எல்லோரும். டொரொன்டோவில் இருக்கிற அண்ணை கொங்கிராட்ஸ் என்று எழுதியிருந்தார். ஒரு சித்தி அன்னாசியும் பப்பாசியும் தொடாதே என்றார். அப்டன் பார்க்கில் இருக்கிற இன்னொரு மச்சாள், கிரீன் ஸ்ட்ரீட் புடவைக்கடையில் வந்திருக்கிற சின்னப் பட்டுப்பாவாடையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். பக்கத்து வீட்டு அன்ரி அம்மனுக்கு நன்றி அர்ச்சனையும் முடித்துவிட்டாராம். இதற்கெல்லாம் காரணமாக, நடுவில் என்னுடைய குரல் பதிவு கிடந்தது. அதை அமத்திக் கேட்டேன். காற்று, காற்று, காற்று. பிறகு துல்லியமாக நான்.

"முழுகாமல் இருக்கிறன்."

கணவரும் கேட்டார். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு நிமிடம் என்னையே ஒரு நம்பிக்கையோடு பார்த்தார், பாவம். "உங்களுக்கென்ன விசரோ" என்றேன்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக மாமியின் குரல் வந்திருந்தது. மாமி ஒருநாளும் குரல் பதிவு அனுப்புகிறவர் அல்ல. போனையே இடியப்ப உரல் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடிக்கிற ஆள்.

"பிள்ளை, நான் மாமி. எனக்கு இதுக்குள்ள கதைக்கத் தெரியாது, உன்ரை மச்சாள்தான் அமத்திக்கொண்டு நிக்கிறாள். நாளைக்கு நன்றிப் பூசைக்குச் சொல்லியிருக்கிறன். பூசை முடிய எல்லாரும் இஞ்சை வருகினம், சமைக்கிறன். நெடுகக் கேட்டுக் கேட்டு உனக்குக் கரைச்சல் குடுத்துப்போட்டன், என்ன. இனிக் கேக்கமாட்டன். கல்லுமலையளில ஏறாதை பிள்ளை. கவனமா இரு."

நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். இனிக் கேட்க மாட்டேன் என்று மாமி சொல்வதற்கு நான் எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். அது கிடைத்த விதத்தைப் பாருங்கள்.

வெளியே வந்தபோது கணவர் ஒரு யோசனையோடு காத்திருந்தார். அவருடைய யோசனைகளை நான் பொதுவாகச் சிரித்துக்கொண்டு கேட்பேன்.

"இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம். ரெண்டு மூண்டு கிழமை போகட்டும். பிறகு, தங்கேல்லை, போட்டுதெண்டு சொல்லுவம். அம்மா தாங்குவா. அதோடை ஆரும் கேக்கமாட்டினம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏனென்றால் அப்படி ஒன்று உண்மையாகவே நடந்தது. ஒருமுறை ஒன்று தங்கியது. சில கிழமைகள் இருந்துவிட்டுப் போய்விட்டது. நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமையும் பட்டுச்சேலை உடுத்து, ஒரு மண்டபத்து மூலையில் நின்று ரோல்ஸ் தின்றேன். ஒரு அன்ரி வந்து புதினம் கேட்டார். ஒன்றும் இல்லை அன்ரி என்றேன்.

"உண்மையாப் போனதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றேன். "இப்ப வராததுக்கு அழுது காட்டுறதோ? என்னாலை ஏலாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பிழைதான்" என்றார். "ஆனால் அம்மாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வராதப்பா. நீர் சொல்லும். நான் பக்கத்தில நிக்கிறன்."

சரி, சொல்கிறேன் என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். "மாமி, அது காத்து. நான் முழுகாமல் இருக்கிறனெண்டு சொன்னது, முழுகாமல் இருக்கிறதை இல்லை, முழுகாமல் இருக்கிறதைத்தான்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. எந்தப் பக்கத்தால் போனாலும் அந்தச் சொல் வாசலில் குந்தியிருந்தது. அதை விலத்திக்கொண்டு எனக்குப் போக வழியில்லை. எங்கள் ஆட்கள் ஒரு சங்கதியை அடியோடு கைவிட்டாலும் தலைமுழுகிவிட்டேன் என்றுதான் சொல்வார்கள். அது நினைவுக்கு வந்தபோது, என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிறு காலை வீட்டுக்கார அம்மாவிடம் நீச்சலுடையையும் அங்கியையும் திரும்ப இரவல் வாங்கினேன். மோர்டனில் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்திருப்பார்கள் என்று கணக்குப் பார்த்து, படகுத்துறையில் நின்று மச்சாளுக்கு வீடியோ கோல் எடுத்தோம். திரை முழுக்க முகங்கள். பின்னால் ஆட்டிறைச்சிக் கறிப் பானையின் ஆவிகூடத் தெரிந்தது. நடுவில் மாமி, கோயில் சேலையோடு, செபமாலையைக் கழுத்திலிருந்து இன்னும் கழற்றாமல். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஏன் பிள்ளை குளிருக்குள்ள நிக்கிறாய்? உள்ளுக்குப் போ!" என்றார் மாமி.

"மாமி, நேற்று நான் சொன்னதைக் காத்து அரைவாசி திண்டுபோட்டுது. இப்ப முழுக்கச் சொல்லுறன். வடிவாப் பாருங்கோ."

போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு அங்கியைக் கழற்றினேன். கணவரின் சித்தப்பா ஒருவர் அவசரமாகத் திரையை விட்டு விலகியது தெரிந்தது. படியில் இறங்கினேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஊரிலும் வராத கெட்ட வார்த்தைகளெல்லாம் வாய்க்கு வந்தன. சிலவற்றைச் சொன்னேன். பக்கத்தில் தண்ணீர் சளசளக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினால், போனை உயர்த்திப் பிடித்தபடி என் கணவரும் இறங்கி வருகிறார். கடலைத் தூரத்தில் நின்று பார்க்கிற மனிசன். தண்ணீர் அந்த மழை புகாத சப்பாத்துக்குள் மேலால் போய் நிரம்பிக்கொண்டிருந்தது. அவர் நிற்கவில்லை.

மூக்கைப் பொத்திக்கொண்டு முழுகினேன்.

அந்தக் குளிரை எனக்குச் சொல்லத் தெரியாது. மேலே வந்தபோது மூச்சு இருக்கவில்லை. தேடி எடுத்து ஒருதரம் இழுத்துவிட்டு, யாருக்கும் சந்தேகம் இருக்கக்கூடாது என்று இன்னொரு தரம் முழுகினேன். கரையில் நின்ற வீட்டுக்கார அம்மாவும் மற்றப் பெண்களும் கைதட்டினார்கள். ஞானஸ்நானம் என்று நினைத்தார்களோ என்னவோ.

தலையிலிருந்து தண்ணீர் வழிய வழிய போனைப் பார்த்தேன்.

"மாமி, முழுகிட்டன். நான் நேற்றுச் சொன்னது இந்தத் தண்ணியை. வேறை ஒண்டும் இல்லை." பல்லு அடித்தது, ஆனால் காற்று அப்போது எனக்கு வழி விட்டிருந்தது. "இனியும் இருக்காது மாமி. நாங்கள் விட்டிட்டம். ஊசி, ஆஸ்பத்திரி எல்லாம் விட்டிட்டம். முந்தி ஒருக்கா ஒண்டு வந்தது, நிக்கேல்லை. அதையும் உங்களுக்குச் சொல்லேல்லை. இனி நாங்கள் ரெண்டு பேரும்தான். நான் நல்லா இருக்கிறன். எனக்கு ஒரு குறையும் இல்லை."

குறை இல்லை என்று சொன்ன வாயாலேயே அழுதேன். கடல்தண்ணீரோடு அது கலந்துவிட்டதால் யாருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மோர்டனில் மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். யாரோ அடுப்பை நிறுத்துகிற சத்தம் கேட்டது. மாமியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

பிறகு திரை ஆடியது. மாமி போனைப் பறித்துத் தன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். இவ்வளவு கிட்டப் பிடித்ததில் ஒரு கண்ணும் அரை நெற்றியும் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கண் நனைந்திருந்தது. அது என் வயிற்றைப் பார்க்கவில்லை.

"தலையைத் துவட்டு" என்றார்.

"மாமி, நான் சொன்னது..."

"கேட்டுது. எனக்குக் காது கேக்கும். முதல்ல தலையைத் துவட்டு பிள்ளை, தடிமன் பிடிக்கப்போகுது. அவன் என்ன போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான் விசரன்? துவாயை எடுக்கச் சொல்லு."

படியேறிக் கரைக்கு வந்ததும் வீட்டுக்கார அம்மா துவாயை நீட்டினார். கணவர் போனை ஒரு கையில் வைத்துக்கொண்டே, மறு கையால் என் தலையைத் துவட்டத் தொடங்கினார். சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. போன் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். ஆனாலும் மாமி அதற்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அழுத்தித் துவட்டடா. பின்கழுத்தை விட்டிடாதை. அங்கைதான் ஈரம் நிக்கும்."